அரசர் கட்டிய விகாரமும் ஆனைமங்கலத்து நெல்லும்



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்த மே மாதத்தில், அவர் பெயரால் நடக்கும் இந்தப் பொழிவில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது ஒரு தோழர் கேட்டார்: "அது ராஜா கட்டின கோயிலாச்சே, நமக்கென்ன அதில்?" கேள்வி நியாயமானது. இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகும்.

இந்த விகாரத்தைப் பற்றி மேடைகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். ஒன்று: சிவபக்தனான ராஜராஜன் புத்த விகாரத்துக்கு ஊரையே கொடுத்தான், அவன் ஆட்சியில் பேதமே இல்லை. இன்னொன்று நம்முடைய மேடைகளில் கேட்பது: சூடாமணி விகாரம் பூர்வ பௌத்தர்களான நம் முன்னோரின் விகாரம், அதை இடித்துவிட்டார்கள். முதல் பேச்சை மறுக்க நமக்குத் தயக்கமில்லை. இரண்டாவதையும் அதே கண்டிப்போடு உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதனால் சிலருக்கு வருத்தம் வரலாம்.

முதலில் கல்கியை ஒதுக்கி வைத்துவிடுவோம். தமிழ் படித்தவர்களில் பெரும்பாலோருக்குச் சூடாமணி விகாரம் அறிமுகமானது 'பொன்னியின் செல்வன்' வழியாகத்தான். விஷக் காய்ச்சலோடு அருள்மொழிவர்மன் அங்கே கிடப்பதும் பிக்குகள் பார்த்துக்கொள்வதும் நம் நினைவில் அப்படியே பதிந்திருக்கின்றன. கதை நடக்கும் காலம் சுந்தர சோழன் காலம். ஆனால் அந்த விகாரம் எழுந்ததே அருள்மொழிவர்மன் ராஜராஜனாக முடிசூடிய பிறகுதான். கல்கி எழுதியது நாவல், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாவலை ஆதாரமாக்கி நாம் பேசினால் குறை நம்முடையது.

நாகப்பட்டினத்துப் பௌத்தம் சோழர் காலத்துக்கு முந்தியது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இத்சிங், தம் காலத்துப் பயணிகளைப் பற்றி எழுதும்போது, கடாரத்திலிருந்து கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து இலங்கைக்குப் போன ஒரு துறவியைக் குறிப்பிடுகிறார். பாலி மொழியில் உரைகள் எழுதிய தம்மபாலர், நாகப்பட்டினத்தில் தர்மாசோகர் பெயரால் இருந்த விகாரத்தில் தங்கி நெத்திப்பகரணத்துக்கு உரை எழுதியதாக அந்த உரையிலேயே வருகிறது. ஆக, அரசன் விகாரம் கட்ட வருவதற்கு முன்பே அந்த ஊரில் பிக்குகள் இருந்தார்கள், படித்தார்கள், எழுதினார்கள்.

பிறகு வருகிறது அரச விகாரம். சுமத்ரா, மலாய் கடற்கரைகளை ஆண்ட ஸ்ரீவிஜயத்தின் சைலேந்திர அரசன் சூடாமணிவர்மன் பெயரால், அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் அந்த விகாரத்தை எடுப்பித்தான். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். வாய்மொழியாகச் சொன்ன அந்தத் தானத்தை நிலைக்கச் செய்யும்படி பின்னால் செப்பேட்டில் வெட்டச் செய்தவன் அவன் மகன் ராஜேந்திரன். மொத்தம் 21 ஏடுகள். சமஸ்கிருதம் 5 ஏடு, தமிழ் 16 ஏடு. சமஸ்கிருதப் பகுதி சோழர் குலத்தின் பெருமையையும் விகாரத்தின் உயரத்தையும் சொல்கிறது. மேருமலையையே சிறிதாக்கும் உயரமாம். நிலம், எல்லை, வரி எல்லாம் தமிழில். புகழ் ஒரு மொழியிலும் கணக்கு ஒரு மொழியிலும் இருப்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்குதான் எனக்கு முக்கியம். ஆனைமங்கலத்து நிலம் 97 வேலிக்கு மேல். அதிலிருந்து விகாரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நெல் 8943 கலம், இரண்டு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி. கடைசி நாழி வரை எழுதியிருக்கிறார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று பெருக்கிப் பாருங்கள். எட்டரை லட்சம் நாழிக்கு மேல் வரும். வேலிக்கு ஏறத்தாழ 92 கலம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் வேலிக்குச் சுமார் 100 கலம் என்ற அளவு காணப்படுகிறது. சிவன் கோயிலுக்கு அளந்தாலும் புத்தர் பள்ளிக்கு அளந்தாலும் உழுதவனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

'இறையிலி' என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. வரியில்லாத நிலம் என்றால் அங்கே உழுதவர்கள் வரி கட்டவில்லை என்று பொருளல்ல. அரசனுக்குப் போக வேண்டிய வரி அரசனுக்குப் போகாது, தானம் பெற்ற இடத்துக்குப் போகும். அவ்வளவுதான். பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, ஊரை ஒப்படைக்கிறார்கள். ஊரோடு சேர்ந்து உழைப்பும் கைமாறுகிறது. ஏடுகளில் அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஓலை எழுதியவர்கள், கையெழுத்திட்டவர்கள், செப்பில் பொறித்தவர்கள் வரை உண்டு. நாற்று நட்டவர்கள் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? இதற்கு அதே ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் பதில் சொல்கின்றன. ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதில் வரி இல்லாத பகுதிகளைக் கழிக்கும்போது ஒரு பட்டியல் வரும். ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. இது கற்பனையல்ல, பெரிய கோயிலின் சுவரில் இன்றும் வாசிக்கலாம். அரசனின் ஆவணத்தில் சேரி இடம்பெறுவது கழித்தல் கணக்கில், சுடுகாட்டுக்குப் பக்கத்தில். பேதமில்லாத ஆட்சி என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். ஆனைமங்கலத்தைக் கொடுத்த கையும் இந்தப் பட்டியலை வெட்டச் சொன்ன கையும் ஒன்றுதான்.

அப்படியென்றால் அந்தத் தானம் எதற்காக? கடலுக்காக. சீனத்துக்குப் போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடக்க ஸ்ரீவிஜயத்தின் தயவு வேண்டும். ஸ்ரீவிஜய வணிகர்களுக்கு நாகப்பட்டினத்தில் தங்க, வணங்க ஓர் இடம் வேண்டும். அந்த அரசனின் ஆட்கள் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கும் தானம் கொடுத்திருக்கிறார்கள். பௌத்த அரசன் சிவனுக்குக் கொடுக்கிறான், சைவ அரசன் புத்தருக்குக் கொடுக்கிறான். தந்தையின் தானத்தை நிலைநிறுத்திய ராஜேந்திரனே 1025இல் கப்பல்படை அனுப்பிக் கடாரத்தைச் சூறையாடினான். பிறகு சமாதானம். 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் விண்ணப்பிக்க, நாகப்பட்டினத்து விகாரங்களுக்கு உரிய ஊர்களின் வரிகளை நீக்கி அவன் இன்னொரு செப்பேடு கொடுக்கிறான். அது 3 ஏடு மட்டுமே உள்ள சிறிய செப்பேடு. அதற்குள் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்றும் பெயராகிவிட்டது. பக்கத்திலேயே ராஜேந்திர சோழப் பெரும்பள்ளியும் இருந்தது.

இதுவரை கேட்ட தோழர்களுக்கு, அரசர்களின் ராஜதந்திரத்தில் முளைத்த இந்த விகாரத்தை விட்டுத்தள்ளிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் ஒரு காலம் வரை அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு சிறிய செப்புத் திருமேனி.

நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, வெவ்வேறு சமயங்களில், ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் மண்ணுக்கடியில் கிடைத்தன. தலையில் தீச்சுடர் போல எழும் உச்சி அவற்றின் அடையாளம். பெரும்பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. டி.என். ராமச்சந்திரன் அவற்றைப் பற்றி எழுதிய விரிவான நூல் 1954இல் வந்தது. சில இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. அப்படி நியூயார்க் நகரத்துக்குப் போன ஒரு புத்தரின் பீடத்தில் தமிழில் எழுத்து இருக்கிறது. ராஜேந்திர சோழப் பெரும்பள்ளிக்குள் அக்கசாலைப் பெரும்பள்ளி என்று ஒன்று இருந்ததாகவும், அங்கே திருவிழாவுக்கு எழுந்தருளும் படிமம் இது என்றும், பதினெண் நாட்டு அக்கசாலையாருக்கும் உரிய நாயகர் இவர் என்றும் அது சொல்கிறது. அக்கசாலை என்பது பொன்னும் செம்பும் உருக்கும் பட்டறை. உலைக்களத்தில் வேலை செய்தவர்கள், அரசன் பெயரிட்ட பெரும்பள்ளிக்குள் தங்களுக்கென்று ஒரு பள்ளியும், தெருவில் எடுத்துச் செல்ல ஒரு புத்தரும் வைத்திருந்திருக்கிறார்கள்.

தஞ்சைப் பட்டியலை நினைவுபடுத்துங்கள். கம்மாளர் சேரியும் அந்தக் கழித்தல் கணக்கில்தான் இருந்தது. ஊரில் ஒதுக்குப்புறத்தில் வைக்கப்பட்ட ஒரு தொழிற்கூட்டம், துறைமுகத்து விகாரத்தில் திருவிழா எடுக்கும் உரிமையோடு இருக்கிறது. இது சமத்துவம் என்று நான் சொல்ல வரவில்லை. நாகப்பட்டினத்துத் தட்டார்களும் வயலூர்க் கம்மாளர்களும் ஒரே நிலையில் இருந்தவர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வளாகத்துக்குள் உழைப்பவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது. செப்பேட்டில் அது இல்லை, பீடத்து எழுத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் அந்த எழுத்தில் உண்டு. அங்கே புத்தருக்குப் பெயர் 'ஆழ்வார்'. இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு நாட்டார் கதைக்கு வாருங்கள்.

திருமங்கையாழ்வார் திருவரங்கத்து மதில் கட்டப் பணம் இல்லாமல், நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருடிக்கொண்டு போன கதை, வைணவக் குருபரம்பரை நூல்களில் பெருமையாகவே சொல்லப்படுகிறது. அந்த விகாரத்துக்குப் பொறிகள் வைத்துக் காவல் செய்திருந்தார்களாம். அதைக் கட்டிய தச்சன் கடல் கடந்த தீவில் இருந்தானாம். அவனைத் தேடிப் போய், சூழ்ச்சியாகப் பேசி, உள்ளே போகும் வழியைத் தெரிந்துகொண்டு வந்து திருடினார் என்பது கதை. கூட வந்தவர்கள் தொட்டதும் அந்தப் பொன் சிலை வாய்விட்டுப் புலம்பியதாம். வேறு உலோகங்கள் உலகில் இல்லையா, பொன்னான என்னையா எடுக்க வேண்டும் என்ற பொருளில். திருடினவர் தரப்பு சொல்லும் கதையிலேயே சிலை அழுகிறது.

இங்கே ஒரு திருத்தம். நம் பேச்சாளர்கள் பலர், ஆழ்வார் திருடியது சூடாமணி விகாரத்துப் புத்தரை என்கிறார்கள். திருமங்கையாழ்வார் எட்டாம் நூற்றாண்டு. சூடாமணி விகாரம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம். கதையில் உண்மை உண்டென்றால் அது பழைய நாகப்பட்டினத்து விகாரம் ஒன்றைப் பற்றியது.

கதை அத்தோடு முடியவில்லை. பொன்னோடு வரும் ஆழ்வார் சிக்கலுக்குப் பக்கத்தில் உள்ள திருக்கண்ணங்குடியில் இருட்டிவிட, உழுது சேறாகக் கிடந்த ஒரு வயலில் சிலையைப் புதைத்துவிட்டு, அருகில் இருந்த புளியமரத்தைக் காவல் இருக்கச் சொல்லித் தூங்கிவிடுகிறார். மரம் இரவெல்லாம் இலை மூடாமல் விழித்திருந்ததாம். அது உறங்காப்புளி. விடிந்ததும் நிலத்துக்காரன் ஏரோடு வருகிறான். ஆழ்வார் இது என் நிலம் என்கிறார். வழக்கு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகிறது. உழவன் தன் உரிமையைச் சொல்கிறான். ஆழ்வாரோ தன் பத்திரம் திருவரங்கத்தில் இருக்கிறது, ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்கிறார். பஞ்சாயத்தும் தவணை கொடுக்கிறது. அன்றிரவே பொன்னைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வழக்கு தீரவே இல்லை. அதனால் அந்த ஊருக்குத் தீரா வழக்கு என்று ஒரு பெயர். இடையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த பெண், நிலத்தை உன்னது என்றவன் கிணற்றையும் உன்னது என்பாய் என்று மறுத்துவிடுகிறாள். கிணறு ஊறாமல் போகச் சாபம். நிழல் கொடுத்த மகிழமரத்துக்கு மட்டும் வரம். பின்னால் நாகப்பட்டினத்துப் பௌத்தர்கள் தடம் பிடித்து அரங்கத்துக்கே வந்து கேட்க, சுண்டுவிரல் வரை தந்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, தவணை வந்ததும் சுண்டுவிரலை மட்டும் உடைத்துக் கொடுத்தார் என்றும் ஒரு வழக்கு உண்டு.

தோழர்களே, இந்தக் கதையை நான் சின்ன வயதில் பக்திக் கதையாகத்தான் கேட்டேன். இப்போது கேட்டால் வேறு காதில் விழுகிறது. சேற்றில் நிற்பவன் ஒருவன், பத்திரம் வேறு ஊரில் இருக்கிறது என்று சொல்பவன் ஒருவன், தவணை கொடுக்கும் சபை ஒன்று. பஞ்சமி நில வழக்குக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் தர மறுத்த அந்தப் பெண்ணின் பேச்சை மறுபடி யோசியுங்கள். கதை முழுவதிலும் நடப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் சாபமும் கிடைத்தது.

பண்டிதரின் முறை இங்கேதான் நமக்கு உதவுகிறது. 1898இல் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, 1907 முதல் 'தமிழன்' இதழை நடத்திய காலம் முழுவதும், ஆதாரமில்லாமல் எழுதுகிறார் என்ற பழி அவர்மேல் இருந்தது. அரசனின் கல்வெட்டைக் காட்டிலும் பண்டிகைகளையும் பழஞ்சுவடிகளையும் வழக்குச் சொற்களையும் அவர் அதிகம் நம்பினார். அவர் சொன்ன சொற்பிறப்புகளில் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. நாமும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வென்றவன் சொல்லும் கதைக்குள்ளேயே தோற்றவனின் சாட்சியம் ஒளிந்திருக்கும் என்ற அவருடைய அடிப்படைப் பார்வை எவ்வளவு கூர்மையானது என்பதற்குத் திருக்கண்ணங்குடிக் கதையை விட நல்ல சான்று வேண்டுமா? நாகப்பட்டினத்தில் பொன் புத்தர் இருந்தார், அவரைச் சுற்றிக் காவல் இருந்தது, அது பறிபோனது, பறிகொடுத்தவர்கள் கேட்டு வந்தார்கள். இவ்வளவையும் நமக்குப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது திருடியவரைப் போற்றும் நூல்தான்.

ஆழ்வார் என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். கதையில் ஆழ்வார் புத்தரைத் திருடுகிறார். பீடத்து எழுத்திலோ புத்தரே ஆழ்வார். சொற்கள் அப்போது இரண்டு பக்கமும் பொதுவாக இருந்தன. எது யாருடையது என்று பங்கு பிரித்தது பின்னால் நடந்தது.

நாகப்பட்டினத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. தந்தகுமாரனும் ஹேமமாலாவும் புத்தரின் பல்லை மறைத்து இலங்கைக்குக் கொண்டுபோன கதை எல்லோருக்கும் தெரியும். இளவரசி அதைக் கூந்தலுக்குள் ஒளித்து வைத்தாள் என்பார்கள். பர்மாவில் பெகு அரசன் தம்மசேதி 1476இல் வெட்டிய கல்யாணிக் கல்வெட்டில், கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் சிலர் நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் இருந்த இடத்தைக் கண்டு, அந்தப் பல் ஒரு காலத்தில் வைக்கப்பட்ட இடத்தில் சீன அரசன் கட்டளையால் அமைந்த குகையில் புத்தரை வணங்கியதாக வருகிறது. சீனத் தொடர்பு வெறும் பேச்சல்ல. 1349இல் எழுதிய வாங் தாயுவான், சமவெளியில் நிற்கும் ஒரு செங்கல் கோபுரத்தையும், 1267ஐக் குறிக்கும் சீன எழுத்து அதில் இருப்பதையும் சொல்கிறார். சோழர் போய் இருநூறு ஆண்டுக்குப் பிறகும், கடல்வழி வந்த துறவிகள் கைகூப்ப அங்கே ஏதோ ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. மண்ணில் ஒளித்து வைத்தல் இந்த ஊரின் விதி போலும். பல்லும் ஒளித்து வைக்கப்பட்டது, பொன்னும் சேற்றில் புதைந்தது, 350 படிமங்களும் புதைந்தன.

மிச்சம் இருந்ததன் கடைசிக் கட்டம் நமக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அது அரசாங்கக் கோப்புகளில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. மக்கள் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். டச்சுக்காரர்கள் சீனக் கோயில் என்றார்கள். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது அடையாளம். 1846இல் அதைப் பார்த்த வால்டர் எலியட், சாந்தில்லாமல் நெருக்கி அடுக்கிய நல்ல செங்கல் வேலை என்று குறித்திருக்கிறார். அதே இடத்தில் குடியேறிய இயேசு சபைப் பாதிரிமார்கள் 1856இல் ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது, வேரடியில் ஐந்து படிமங்கள் கிடைத்தன. பிறகு கோபுரத்தை இடித்து அந்தச் செங்கல்லைக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டார்கள். விழும் நிலையில் இருக்கிறது என்றார்கள். 1867 ஆகஸ்ட் 28 அன்று சென்னை அரசாங்கம் அனுமதி கொடுத்தது. பதினாறு ஆண்டு கழித்து, 1883இல், அந்தக் கல்லூரி திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. கோபுரமும் இல்லை, கல்லூரியும் இல்லை.

இந்தக் கோபுரம்தான் சூடாமணி விகாரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சீன நூல் சொல்லும் கோபுரம் இதுவே என்று கருதுபவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாகப்பட்டினத்துப் பௌத்தத்தை அழித்தது பார்ப்பனியம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. தரையில் நின்ற கடைசிச் சுவரை இடித்தது கிறித்தவப் பாதிரிகளும் வெள்ளைக்கார அரசாங்கமும். செப்பேடுகள் போனதும் அப்படித்தான். 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் காலத்தில் அவை கப்பலேறி, 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அதனால்தான் ஆனைமங்கலத்து நெல்லின் கணக்குக்கு லெய்டன் செப்பேடு என்று ஒரு டச்சு ஊரின் பெயர். நாம் ஆனைமங்கலச் செப்பேடு என்றே சொல்லிப் பழகுவோம்.

ஆனைமங்கலம் எங்கே இருக்கிறது? கீழ்வேளூர் வட்டத்தில். வெண்மணி எங்கே இருக்கிறது? அதே கீழ்வேளூர் வட்டத்தில். 1968 டிசம்பர் 25 இரவு, கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட உழவுத் தொழிலாளர்களின் சேரியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதே மண்ணில் 8943 கலம், இரண்டு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் துல்லியமாக அளக்கத் தெரிந்திருந்தது. அரைப்படி அளக்கத்தான் மனம் வரவில்லை. சோழர் காலத்து நிலவுடைமையும் 1968இன் மிராசு முறையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. இடையில் விஜயநகரம், நாயக்கர், மராட்டியர், வெள்ளையர் என்று எத்தனையோ மாற்றங்கள். ஆனால் நெல்லுக்குக் கணக்கும் நட்டவளுக்குக் கணக்கில்லாமையும் அந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கின்றன.

எனவே தொடக்கத்தில் தோழர் கேட்டதற்கு என் பதில் இரண்டாகப் பிரிகிறது. சைலேந்திர அரசன் கட்டி, சோழ அரசன் ஊர் கொடுத்த அந்த அரச விகாரம் நம்முடையது என்று கொண்டாட என்னால் முடியவில்லை. பௌத்தம் என்பதாலேயே ஓர் அரச தானம் நமக்கு உறவாகிவிடாது. ஆனால் அக்கசாலைக்காரர்கள் எழுந்தருளச் செய்த புத்தர், இலுப்பை வேரடியில் யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்த ஐந்து படிமங்கள், திருக்கண்ணங்குடி உழவன், கிணற்றடிப் பெண், இவர்களை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

உரிமை கொண்டாடுவதில் பொறுப்பும் இருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலை புத்தர்தான் என்று, தொல்லியல் துறையின் அறிக்கையைக் கொண்டு 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு வென்றது உணர்ச்சியால் மட்டுமல்ல, சிலையின் சுருள்முடியும் அமர்ந்த இருக்கையும் கைகளின் அமைதியும் சாட்சி சொன்னதால். நாளை இன்னொரு ஊரில் இன்னொரு வழக்கு வரும்போது, சூடாமணி விகாரத்துப் புத்தரை ஆழ்வார் திருடினார் என்று நூற்றாண்டைத் தப்பாகச் சொன்னால், எதிர் வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்டு முடிக்கிறேன். திருக்கண்ணங்குடிக் கதை கோயில் தரப்பில் எப்படிச் சொல்லப்படுகிறது என்பது அச்சில் இருக்கிறது. கீழ்வேளூர், சிக்கல், ஆனைமங்கலம், வெண்மணிப் பக்கத்துச் சேரிகளில் எழுபது, எண்பது வயதான பெரியவர்களிடம் போங்கள். அந்த வயலையும் புளியமரத்தையும் பற்றி என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பதிவு செய்யுங்கள். அவர்கள் சொல்லும்போது அந்த உழவனுக்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். கிணற்றடிப் பெண்ணுக்கும்.